படி இறங்கிப் போகிற வீடு: இலங்கை மலையகத்தில் வாடகை குறைந்த வீட்டுக்குக் குடிபோக முழுமையான வழிகாட்டி

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா, கண்டி என்று எந்த டவுனை எடுத்தாலும் சரி, மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்கு ஒரு வாடகை, அதே ரோட்டிலிருந்து படி இறங்கியோ ஏறியோ போகிற வீட்டுக்கு இன்னொரு வாடகை. அறையும் குசினியும் பாத்ரூமும் இரண்டிலும் ஒரே அளவில்தான் இருக்கும். சில நேரம் கீழ்வீடுதான் பெரிதாகவும் இருக்கும். இடமாற்றம் கிடைத்து வந்த ஆசிரியர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிற குடும்பங்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் ரோட்டோர வீட்டு வாடகையைக் கேட்டுவிட்டு, கடைசியில் இந்தப் படி வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

நானும் அப்படி ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறேன். எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். காலுக்கு வேலை வைக்கிற குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். நெஞ்சில் சளி கட்டவைக்கிற குறையையும், மழை இரவில் தூங்கவிடாத குறையையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏற்கக் கூடாது. வீட்டுக்காரர் முதலாவதை மட்டும்தான் வாய்விட்டுச் சொல்வார்: "கொஞ்சம் படி இருக்கு, அவ்வளவுதான்." மற்றதை நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் படியைப் பாருங்கள், பிறகு வீட்டை

வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வீடும் அழகுதான். நல்ல மழை பெய்து ஓய்ந்த கையோடு ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள். பல இடங்களில் படிதான் தண்ணீர் ஓடுகிற கானும். ரோட்டுக் கான் குப்பையில் அடைபட்டால், மேலே ஓடுகிற தண்ணீர் அத்தனையும் படி வழியாக இறங்கி நேராக வாசலுக்கு வரும். மழைக்குப் பிறகு படியில் மண்ணும் சருகும் வரிவரியாகப் படிந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

படி எத்தனை என்பதைவிட அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருந்தால் காலுக்குப் பழகிவிடும். நடுவில் ஒன்று மட்டும் உயரமாகவோ சரிந்தோ இருந்தால், அந்த ஒன்றில்தான் இருட்டில் விழுவீர்கள். கைபிடிக்கக் கம்பி இருக்கிறதா? விளக்கு இருக்கிறதா? இருந்தால் அந்த விளக்கு யாருடைய மீட்டரில் ஓடுகிறது? சுவிட்ச் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால் அவர் தூங்கப் போகிற நேரம்தான் உங்களுக்கும் இருட்டுகிற நேரம்.

ஒரு பரீட்சை செய்து பாருங்கள். பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம் இறங்கி, அதே பையோடு ஏறுங்கள். கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்காரர் சிரித்தாலும் சரி, அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற பதில் வேறெதிலும் கிடைக்காது. குடிவரப்போகிறவர்களில் வயது கூடியவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். முழங்கால் வலியோ இருதய வருத்தமோ உள்ளவர் வீட்டில் இருந்தால், என் அபிப்பிராயத்தில் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவர் நாளடைவில் வெளியே வருவதையே விட்டுவிடுவார்.

இறங்குகிற வீடா, ஏறுகிற வீடா என்று தெரிவு இருந்தால்? சாமான் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு இறங்குகிற வீடு சுகம். சுமையோடு வருகிற நேரம் இறக்கம்தான். ஆனால் ரோட்டுத் தண்ணீர், ஈரம், மலக்குழி என்று எல்லாத் தொல்லையும் கீழ்வீட்டுக்குத்தான். ஏறுகிற வீடு காய்ந்து இருக்கும், காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர்தான் மேலே ஏற மறுக்கும். குழந்தைகளும் சளித்தொல்லையும் உள்ள குடும்பம் என்றால் நான் ஏறுகிற வீட்டைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. அந்தப் படி யாருடைய காணியில் இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரரின் காணி வழியாகப் போகிற படி என்றால், அவருக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் ஏதாவது மனக்கசப்பு வருகிற நாளில் கேட் பூட்டப்படும். இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் "தண்ணி எல்லாம் எப்படி அக்கா இங்க?" என்று பேச்சுக் கொடுத்தால், பாதைக் கதை, பழைய குடித்தனக்காரர் ஏன் போனார் என்ற கதை எல்லாம் தானாக வரும்.

பின்பக்க மண்ணை அவசரப்படாமல் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மலையில் வீடு கட்டுவது என்றால் மண்ணை வெட்டித் தட்டையாக்குவது. வெட்டிய மண் வீட்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கும். வீட்டின் பின்சுவருக்கும் அந்த மண்ணுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவாவது இடைவெளி வேண்டும், அதில் தண்ணீர் ஓடக் கான் வேண்டும். தாங்குசுவர் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்க வேண்டும். ஓட்டையே இல்லாத சுவரும், ஓட்டை அடைபட்ட சுவரும் மழைக்காலத்தில் பின்னால் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு நிற்கின்றன. சுவரின் வயிறு முன்னால் தள்ளியிருந்தால் அந்த வீடு வேண்டாம்.

நிலத்தில் நீளமான வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம் அல்லது கரண்ட் கம்பம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, தெளிந்து வந்த ஊற்றில் திடீரென்று கலங்கல், எப்போதும் வருகிற ஊற்று சட்டென்று நின்றுபோவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் இறுகுவது. இவை எல்லாம் நிலம் நகர்வதன் அடையாளங்கள். வீட்டுக்காரர் வெடிப்புக்குச் சீமெந்து பூசி, மேலே பெயின்ட் அடித்திருப்பார். ஆகவே வீட்டை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள முற்றத்தையும் மதிலையும் படியையும் பாருங்கள். உள்ளே மறைத்த வெடிப்பு பெரும்பாலும் வெளியே தொடரும்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புது வீடு கட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். என்.பீ.ஆர்.ஓ. என்றால் எல்லோருக்கும் தெரியும். வீடு புதியது என்றால் "அந்த ரிப்போர்ட் எடுத்தீங்களா?" என்று கேளுங்கள். பழைய வீடு என்றால் கிராம சேவகரிடம் போய், இந்த இடத்தில் ஆட்களை எழும்பச் சொல்லி எப்போதாவது அறிவித்தல் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடத்துக்கு ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் இறங்கியதை நம் கண்ணாலேயே பார்த்தோம். டித்வாவில் வீடு இருக்கிற இடத்துக்கு என்ன ஆனது என்பது இனி எந்த மலையக வீட்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

தோட்டப் பக்கம் வாடகைக்கு வருகிற லயன் அறைகள், லயத்தை ஒட்டிக் கட்டிய அறைகள் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம், கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. உள்ளே குடியிருக்கிறவருக்கு அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுகிற உரிமை இருக்கிறதா என்பது கேள்விக்குறி. நாளைக்குத் தோட்ட நிர்வாகம் வந்து கேட்டால் உங்கள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. பெரிய முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஈரம்: கீழிருந்து வருகிறதா, உள்ளேயே உண்டாகிறதா

சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். பின்சுவரில் உள்ளங்கையை வையுங்கள். அலுமாரியை நகர்த்தச் சொல்லி அதன் முதுகைப் பாருங்கள். பூஞ்சணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சில வீடுகளில் உள்ளே நுழைந்ததும் ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை வரும். ஊதுபத்தி மணத்தால் வரவேற்கிற வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனமாக மூக்கை வையுங்கள்.

எளிதான ஒரு பரிசோதனை இருக்கிறது. ஓரடி சதுரப் பொலித்தீன் துண்டை எடுத்து, சந்தேகப்படுகிற சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. அதைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் வேலை, அதுவும் பின்பக்கக் கானை வெட்டாமல் சரிவராது. பொலித்தீனின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம் நனைந்திருந்தால் உள்ளே சமைப்பதாலும் துணி காயப்போடுவதாலும் வருகிற ஈரம். அதை நாமே சமாளிக்கலாம். முன்னது இருந்தால் படுக்கையறையாக அந்த அறையைப் பாவிக்கவே கூடாது. ஒரே ஒரு அறைதான் என்றால் வீட்டையே விட்டுவிடுங்கள்.

தண்ணீர், மலக்குழி, கரண்ட்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சபைத் தண்ணீரா, பீலித் தண்ணீரா, பொதுக் குழாயா? பீலித் தண்ணீர், அதாவது ஊற்றிலிருந்து பைப் போட்டு வருகிற தண்ணீர் இலவசம், ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் நூலாகிப்போகும். மழை பெய்தால் செம்மண் கலந்து வரும். அந்த ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் பூச்சி மருந்தும் பசளையும் அதில் கலக்கலாம். சமையலுக்கு வேறு தண்ணீர் பாருங்கள். கொதிக்க வைத்தால் கிருமி போகும், மருந்து போகாது.

டாங்கி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம் கூடும். டாங்கி ரோட்டு மட்டத்திலும் வீடு முப்பது மீற்றர் கீழேயும் என்றால் மூன்று பார் அழுத்தத்தில் தண்ணீர் வரும். குளிக்கச் சொர்க்கம்தான், ஆனால் மலிவு டெப்பும் ஒட்டிய பைப்பும் தாங்காமல் பிய்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிற பைப்பில் கையால் பூட்டுகிற வால்வு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இரவில் டெப் உடைந்து, மூடப் படியேறி ரோட்டுக்கு ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

மலக்குழியைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். கேட்டே ஆக வேண்டும். குழி இறைக்க வருகிற பவுசர் ரோட்டில்தான் நிற்கும், குழியோ கீழே. குழாய் எட்டுமா என்பது ஒன்று. எட்டினாலும் பத்து மீற்றருக்கு மேல் ஆழத்திலிருந்து உறிஞ்சி எடுக்க ரோட்டில் நிற்கிற எந்த மெஷினாலும் முடியாது. காற்றழுத்தம் தள்ளித்தான் உறிஞ்சல் நடக்கிறது, அதற்கு மேல் அந்த அழுத்தம் போதாது. நடைமுறையில் ஏழெட்டு மீற்றர்தான். ஆகவே ரோட்டிலிருந்து மிகக் கீழே இருக்கிற வீட்டின் குழி நிரம்பினால், பவுசரை நம்ப முடியாது, பெரும்பாலும் பக்கத்தில் இன்னொரு குழி வெட்ட வேண்டி வரும். கடைசியாக எப்போது இறைத்தார்கள், எப்படி இறைத்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வராவிட்டால், அந்த வேலையும் செலவும் யாருடையது என்பதை எழுத்தில் போடுங்கள்.

கரண்டில் ஒரே விஷயம்: தனி மீட்டர். இலங்கையில் வீட்டுக் கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கணக்கு. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு, கூடிய வீதம். நீங்கள் 50, மேல்வீடு 50 என்று ஒரே மீட்டரில் ஓடினால் பில் 100 யூனிட்டுக்கு வரும். தனித்தனியாக இருந்தால் இருவருமே குறைந்த வீதத்துக்குள் நின்றிருப்பீர்கள். உப மீட்டர் போட்டுப் பாதிப் பாதி பிரித்தாலும் இந்த நட்டம் தீராது. தனி மீட்டர் இல்லாவிட்டால் அதைச் சொல்லி வாடகையைக் குறைக்கலாம்.

கணக்குப் போடுங்கள்

உதாரணத்துக்கு, ரோட்டு வீடு 30,000, படி வீடு 20,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 120,000 மிச்சம். இதிலிருந்து சாமான் இறக்குகிற கூலி, பிறகொரு நாள் ஏற்றுகிற கூலி, கேஸ் தூக்குகிற கூலி, நனையாமல் வைக்கவும் பூஞ்சணம் துடைக்கவும் ஆகிற செலவு, இரவு நேரம் ஆட்டோவில் வரவேண்டிய நாட்கள் எல்லாவற்றையும் கழியுங்கள். பாதியாவது மிஞ்சினால் படிக்குச் சம்பளம் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாதம் இரண்டாயிரம் மூவாயிரம்தான் வித்தியாசம் என்றால் ரோட்டு வீட்டுக்கே போங்கள். அந்தக் காசுக்கு அத்தனை படி ஏற வேண்டிய அவசியமில்லை.

வாடகை பேசுவது

வாடகையைக் குறையுங்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்டால் வீட்டுக்காரர் முகம் மாறும். குறைத்தது போதாதா என்பார், அதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்குச் சின்னச் செலவாகவும் உங்களுக்குப் பெரிய உதவியாகவும் இருப்பதைக் கேளுங்கள்: படிக்கு ஒரு கம்பி, ஒரு விளக்கு, பின்பக்கக் கானைச் சுத்தம் செய்து தருவது, முற்பணத்தில் கொஞ்சம் குறைப்பது.

"ஐயா, வாடகை நீங்க சொன்னதே இருக்கட்டும். அம்மாவும் எங்களோட வாறாங்க. அந்தத் திருப்பத்துல இருந்து கீழ வரைக்கும் ஒரு பைப் கம்பி மட்டும் போட்டுத் தந்தீங்கன்னா இந்த மாசமே வந்துருவோம்." இப்படிக் கேட்டால் மறுக்கிற ஆள் குறைவு. கம்பி அவருடைய வீட்டுக்குத்தானே நிற்கப்போகிறது. ஆனால் "வந்தப்புறம் போட்டுத் தாறேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சாவி வாங்கிய பிறகு கம்பி வந்த கதை மிகக் குறைவு.

ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியும் அப்படித்தான். காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் குடிபோகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பேரம் நன்றாகவே படியும். நுவரெலியாவில் மட்டும் ஏப்ரல் வசந்த காலத்தை ஒட்டிப் பேச்சுக்கே போகாதீர்கள். அந்த மாதம் வீட்டுக்காரர்கள் ஒரு நாள் வாடகையைக் கனவு கண்டுகொண்டிருப்பார்கள்.

எழுத்தில் போடுவது

1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டும் என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். கடையில் வாங்கிய அக்ரிமென்ட் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். பெரிய முற்பணம் கொடுக்கிறீர்கள் என்றால் நொத்தாரிசுக்கு ஆகிற செலவைப் பார்க்காதீர்கள். சிங்களத்தில் எழுதித் தந்தால், வாசிக்கத் தெரிந்தவரை வைத்து வரி வரியாகக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, வீட்டுக்கார மாத்தயாவும் கோபிக்க மாட்டார்.

வீடு உண்மையில் அவருடையதா என்று பார்க்க காணி உறுதிப் பிரதியைக் கேளுங்கள், கரண்ட் பில்லும் ஆதனவரிப் பற்றுச்சீட்டும் துணைக்கு உதவும். பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். ஒப்பந்தத்தில் வழக்கமானவை எல்லாம் இருக்கும். படி வீட்டுக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டியவை: படியையும் பாதையையும் பாவிக்கிற உரிமை, அதைப் பழுதுபார்ப்பது யார், மலக்குழி யார் செலவு, தண்ணீர் எந்த மூலத்திலிருந்து. அப்புறம் முக்கியமான ஒன்று: மண்சரிவு அபாயம் என்று அதிகாரிகள் வெளியேறச் சொன்னால், அல்லது வீடு குடியிருக்க முடியாமல் போனால், மிச்ச முற்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது. இந்த ஒரு வரியைச் சேர்க்க மறுக்கிறவரிடம் நான் வீடு எடுக்க மாட்டேன்.

சாவி வாங்குகிற அன்றே சுவர், கூரை, பின்பக்க மண், மீட்டர் இலக்கம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியோடு இருவரிடமும் இருக்கும்.

சாமான் இறக்குகிற நாள்

மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை பின்னியெடுக்கும். அங்கே தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது குடிபோவதற்கும் பொருந்தும். ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை படி காய்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் கதை வேறு. அங்கே நவம்பர் முதல் பெப்ரவரி வரைதான் மழை, ஜூன் ஜூலையில் வறட்சி. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எந்தப் பக்கமானாலும் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். ஆகவே லொறி காலை ஏழு மணிக்கு வந்து, பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். பால் காய்ச்சுகிற நல்ல நேரம் பின்னேரம் வந்தால், பால் பாத்திரம் பின்னேரம் போகட்டும். கட்டில் காலையில் போகட்டும்.

முந்தைய நாளே அளவு நாடாவோடு போய் படியின் திருப்பங்களையும் வாசற்கதவையும் அளந்துகொள்ளுங்கள். படி அகலமாகத்தான் இருக்கும், திருப்பத்தில்தான் ஆறடி அலுமாரி மாட்டிக்கொள்ளும். கழற்ற முடிந்த அலுமாரியைக் கழற்றுங்கள். ஆணிகளைப் பையில் போட்டு அதன் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் கட்டுவது கூலியாட்களுக்குச் செய்கிற துரோகம். ஒரு கையால் தூக்கக்கூடிய சின்னப் பைகளாகக் கட்டுங்கள், மறு கைக்குக் கம்பி வேண்டும்.

டவுனில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆட்களைப் பிடிக்கும்போது படியைக் காட்டிய பிறகே கூலி பேசுங்கள். போனில் "கொஞ்சம் படி" என்று சொல்லிவிட்டு, நேரில் வந்ததும் ஆளும் பேசிய கூலியும் மாறினால் குற்றம் உங்களுடையதுதான். மொத்தமாக ஒரு தொகை, டீயும் பகல் சாப்பாடும் நம் செலவு என்று முடித்துக்கொள்வது நல்லது. கூலியாட்கள் போக நம் ஆட்கள் இருவர் தேவை. ஒருவர் மேலே லொறியடியில் நிற்க வேண்டும்: பஸ் வந்தால் லொறியை ஒதுக்க, சாமான் காணாமல் போகாமல் பார்க்க. இன்னொருவர் கீழே நின்று எது எந்த அறைக்கு என்று சொல்ல வேண்டும்.

பாரமானதை முதலில் இறக்குங்கள். ஆட்களுக்குத் தெம்பு இருக்கும்போது, படி காய்ந்திருக்கும்போது பிரிட்ஜும் அலுமாரியும் போய்விட வேண்டும். பிரிட்ஜைக் கயிறு கட்டி இருவர் தூக்க, மூன்றாவது ஆள் கீழ்ப் பக்கம் நிற்காமல் பக்கவாட்டில் நின்று வழி சொல்லட்டும். கைநழுவினால் அது கீழே நிற்கிறவர் மேல்தான் வரும். சரித்துக் கொண்டுவந்த பிரிட்ஜை நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே பிளக் குத்துங்கள். மெத்தையைப் பொலித்தீனில் சுற்றியே கொண்டுவாருங்கள். இந்தக் குளிரில் நனைந்த மெத்தை லேசில் காயாது.

முதல் மாதம்

கேஸிலிருந்து தொடங்குவோம். 12.5 கிலோ சிலிண்டர் என்பது உள்ளே இருக்கிற கேஸின் எடை மட்டும். இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. படி வீட்டுக்கு 5 கிலோ சிலிண்டர் இரண்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒன்று முடிந்தால் அடுத்தது கையிருப்பில், முடிந்ததை ஆறுதலாக ஏற்றலாம்.

படியில் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் தூவி, ஊறவிட்டு, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு டாய்லெட் கழுவுகிற அசிட்டைக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, கல்லின் மேல் வையுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் யன்னலைத் திறந்து, பின்னேரம் மூடுபனி இறங்க முன் மூடிவிடுங்கள். குளிருக்குச் சிரட்டைக் கரியைப் பற்றவைத்துப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதில் வருகிற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

ரோட்டோரம் படி தொடங்குகிற இடத்தில் வீட்டு இலக்கத்தைப் பெரிதாக எழுதி, ஒரு தபால் பெட்டியும் வையுங்கள். பாண் விற்கிற சூன் பாண் ஆட்டோ மேலே பாட்டுப் போட்டுக்கொண்டு போகும்போது நீங்கள் பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். மேலே உள்ள கடைக்காரரோடு பழகி, பாணும் பாலும் எடுத்துவைக்கச் சொல்வதுதான் நடைமுறை. குப்பை ட்ரெக்டர் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும்போதே பையைக் கொண்டுபோய்விடுங்கள். வெறுங்கையோடு படியேறாமல் இருக்கப் பழகினால் பாதித் தொல்லை குறையும்.

1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம், ஆனால் அது ரோட்டில்தான் நிற்கும். கைபிடியுள்ள உறுதியான கதிரை ஒன்று வீட்டில் இருக்கட்டும். நோயாளியை அதில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினால் படியேற்றலாம். தூக்கக்கூடிய பக்கத்து வீட்டு ஆட்களின் நம்பர்கள் போனில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்

நேர்ச்சுவருள்ள டின் ஒன்றை, மரமோ கூரையோ மேலே இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். காலையில் அடிமட்டத்தால் அளந்து கொட்டிவிட்டால் அதுதான் உங்கள் மழைமானி. என்.பீ.ஆர்.ஓ. மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலத்தைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். நான்கு அங்குலம் நிரம்பி, மழையும் விடவில்லை என்றால், அறிவித்தலுக்குக் காத்திராமல் வெளிச்சம் இருக்கும்போதே சொந்தக்காரர் வீட்டுக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய்விடுங்கள். இரவில், ஓடுகிற தண்ணீரில், குழந்தைகளோடு அந்தப் படியை ஏறுவது லேசான காரியமில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெளியேறுகிறபோது

அறிவித்தலை ஒப்பந்தத்தில் சொன்னபடி எழுத்தில் கொடுங்கள். மீட்டரைப் படம் எடுங்கள், பில்களைக் கட்டிய ரசீதைக் காட்டுங்கள், சாவியும் முற்பணமும் ஒரே நாளில் கைமாறட்டும். கீழே இறக்கியதை மேலே ஏற்றக் கூலி எப்போதும் கூடத்தான் கேட்பார்கள். ஆகவே அடுத்து வருகிற குடித்தனக்காரர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து, அலுமாரி, கட்டில், தண்ணீர் டாங்கி போன்றவற்றை அவருக்கே நியாயமான விலைக்குக் கொடுத்துவிடப் பாருங்கள். அவருக்கும் இறக்குகிற கூலி மிச்சம்.